மூன்று முறை அநாதையான இரும்பு மனிதன்

1980களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் எட்வர்ட் நியூமையர் என்றொரு இளைஞர் இருந்தார். ஸ்டூடியோவுக்கு வந்து குவியும் திரைக்கதைகளைப் படித்து, தேறுமா தேறாதா என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. ஒருநாள் நண்பரோடு போகும்போது ‘பிளேட் ரன்னர்’ படத்தின் போஸ்டர் கண்ணில் பட்டது. எதைப் பற்றிய படம் என்று கேட்டார். மனிதர்களைப் போலவே இருக்கும் ரோபோக்களைத் தேடிப் பிடிக்கும் போலீஸ்காரனின் கதை என்றார் நண்பர். நியூமையர் அதை அப்படியே திருப்பிப் போட்டுப் பார்த்தார். அந்தப் போலீஸ்காரனே ரோபோவாக இருந்தால்?

எண்ணம் பிறந்துவிட்டது, படம் பிறப்பதாக இல்லை. மைக்கேல் மைனர் என்ற இன்னொரு இளைஞரும் ஏறக்குறைய இதே கதையைத் தனியாக யோசித்துக்கொண்டிருந்தது தெரிய வந்தது. போட்டி போடாமல் இருவரும் சேர்ந்து எழுதினார்கள். குண்டடிபட்டுச் செத்துப்போன மர்ஃபி என்ற காவலரின் மிச்ச உடலை ஒரு கம்பெனி எடுத்து, இரும்போடு இணைத்து மறுபடி தெருவில் இறக்குகிறது. ஓரியன் பிக்சர்ஸ் தயாரிக்க முன்வந்தது. ஆனால் இயக்க ஆள் கிடைக்கவில்லை. ‘ரோபோகாப்’ என்ற தலைப்பே சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கிறது என்று ஒதுங்கியவர்கள் பலர். திரைக்கதை கடைசியில் நெதர்லாந்து இயக்குநர் பால் வெர்ஹோவன் கைக்குப் போனது. சில பக்கங்கள் படித்தார். வெறும் குப்பை என்று தூக்கி எறிந்தார்.

அதை எடுத்துப் படித்தவர் அவருடைய மனைவி மார்ட்டீன். துப்பாக்கிச் சண்டைகளுக்கு அடியில் வேறொன்று இருப்பது அவருக்குத் தெரிந்தது. தான் யாரென்றே மறந்துபோன ஒரு மனிதன் தன்னைத் தேடிப் போகும் கதை அது. மறுபடி படியுங்கள் என்று கணவரிடம் சொன்னார். வெர்ஹோவன் படித்தார். இரும்பு உடம்போடு மர்ஃபி தன் பழைய வீட்டுக்குப் போகிற இடம் அவரைப் பிடித்து நிறுத்தியது. வீடு காலியாகக் கிடக்கிறது, மனைவியும் மகனும் எங்கோ போய்விட்டார்கள், துண்டு துண்டாக நினைவு மட்டும் வருகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே படத்தை எடுக்கலாம் என்று முடிவு செய்தார். கதைக்கு உயிர் வந்தது. அடுத்து உடம்பு வரவேண்டும். அங்கேதான் சோதனை காத்திருந்தது.

1986 கோடையில் டல்லாஸ் நகரில் படப்பிடிப்பு. மர்ஃபியாக நடித்த பீட்டர் வெல்லர், இரும்பு மனிதன் எப்படி நடப்பான், எப்படித் திரும்புவான் என்று மோனி யாக்கிம் என்ற மௌன நாடகக் கலைஞரிடம் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருந்தார். ஆனால் ராப் பாட்டின் வடிவமைத்த கவச உடை வந்துசேரத் தாமதமாகிவிட்டது. வந்த அன்று அதை மாட்டி முடிக்கவே பத்து மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மாட்டிய பிறகு, பழகி வைத்திருந்த ஓர் அசைவுகூட வரவில்லை. வேலை நின்றது. நடிகரையே மாற்றிவிடலாமா என்ற பேச்சு வரை போனது. யாக்கிமை வரவழைத்து எல்லா அசைவுகளையும் மெதுவாக்கி, கனமாக்கி, புதிதாகக் கற்றுக்கொண்டார் வெல்லர். தலை முதலில் திரும்பி, உடல் பிறகு திரும்பும் அந்தப் புகழ்பெற்ற நடை அப்படிப் பிறந்ததுதான். முழு உடையோடு காருக்குள் உட்கார முடியாது என்பதால் கார் காட்சிகளில் இடுப்புக்கு மேல் மட்டும்தான் கவசம். டல்லாஸ் வெயிலில் மனிதர் எடை குறைந்துகொண்டே போனார்.

படம் முடிந்ததும் தணிக்கையில் இன்னொரு முட்டுக்கட்டை. வன்முறை அதிகம் என்று ‘எக்ஸ்’ சான்றிதழ் கொடுத்தார்கள். வெட்டி அனுப்பினார்கள், திரும்பி வந்தது. மறுபடி மறுபடி வெட்டிய பிறகுதான் வழி கிடைத்தது. 1987 ஜூலை 17 அன்று வெளியானது. ஏறக்குறைய 1.3 கோடி டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 5 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்த அந்த நாட்களில், வீடியோ கேசட் வழியாக இரும்புச் சட்டைப் போலீஸ்காரன் தமிழ்நாட்டுக்குள்ளும் வந்தான். வந்தவனுக்கு இங்கே ஏற்கெனவே ஓர் உறவுக்காரன் இருந்தான். ஆனால் அவன் மனிதன் இல்லை. நாய்.

அந்த நாயின் பெயர் ஜீனோ. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த எஸ். ரங்கராஜன், சுஜாதா என்ற பெயரில் 1980களின் நடுவில் ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடரில் வந்த இயந்திர நாய் அது. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தவரும் இதே ரங்கராஜன்தான். கல்வராயன் மலையின் உள்ளடங்கிய சிற்றூர்களுக்கும் சங்கராபுரத்துப் பள்ளிக்கூட வாக்குச்சாவடிகளுக்கும் தேர்தலுக்குத் தேர்தல் வந்து போகிற அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அணு அணுவாக அறிந்த மனிதர். இயந்திரம் என்பது சொன்னதை மட்டும் செய்யும் என்று அவரைவிடத் தெளிவாகத் தெரிந்தவர் தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர்களில் யார் இருந்திருக்க முடியும்? அப்படிப்பட்டவர், சொல்லாததையும் செய்கிற ஓர் இயந்திரத்தைக் கற்பனை செய்தார். விளையாட்டுப் பொருளாகக் கதைக்குள் வரும் ஜீனோ புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, வாதம் செய்கிறது, மெல்ல மெல்ல மனிதர்களைவிட மனிதத்தனமாக ஆகிறது. ‘மீண்டும் ஜீனோ’ என்று இரண்டாம் பாகமும் வந்தது.

வாரா வாரம் அதைப் படித்த ஒரு தலைமுறைக்கு, இரும்புக்குள் மனசு இருக்க முடியும் என்பது அந்நியமான எண்ணமாகவே இல்லாமல் போனது. மார்ட்டீன் ஒரு திரைக்கதையில் கண்டுகொண்டதை இங்கே சுஜாதா ஒரு நாய்க்குட்டிக்குள் வைத்துக் காட்டியிருந்தார். பின்னால் வந்த தமிழ் இரும்பு மனிதனுக்கு ஜீனோவைத்தான் மூத்தவனாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் நாய் மனிதனாக வளர இன்னும் கால் நூற்றாண்டு ஆகவேண்டியிருந்தது.

1996ல் வந்த ‘இந்தியன்’ படத்தில் இயக்குநர் ஷங்கரோடு சுஜாதா வசனகர்த்தாவாகச் சேர்ந்தார். 1999ல் ‘முதல்வன்’. அது வெற்றி பெற்ற கையோடு, அடுத்து ஒரு ரோபோவின் கதை என்று ஷங்கர் தீர்மானித்தார். படத்தின் பெயரே ‘ரோபோட்’. நாயகன் கமல்ஹாசன், நாயகி ப்ரீத்தி ஜிந்தா. தயாரிக்க இருந்தது பென்டாமீடியா கிராஃபிக்ஸ் நிறுவனத்தின் பிரிவான மீடியா ட்ரீம்ஸ். ‘பாரதி’ படத்தைத் தயாரித்தவர்கள். இந்தியாவின் முதல் முப்பரிமாண அனிமேஷன் முழுநீளப் படமான ‘பாண்டவாஸ்’ இந்தப் பென்டாமீடியாவின் சென்னைக் கூடத்தில் செய்யப்பட்டதுதான். கம்ப்யூட்டர் வரைகலை தெரிந்த கம்பெனி, அறிவியல் தெரிந்த எழுத்தாளர், எந்த வேடத்துக்கும் உடம்பை ஒப்புக்கொடுக்கும் நடிகர். இதைவிடப் பொருத்தமான கூட்டு அமையாது என்றுதான் அன்று எல்லோருக்கும் தோன்றியது. புகைப்படங்கள்கூட எடுத்துவிட்டார்கள். ரோபோ உடையில் கமல் நிற்கும் அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. அத்தோடு சரி.

கமல் அப்போது ‘ஆளவந்தான்’ வேலையில் மூழ்கியிருந்தார். தேதி, சம்பளம், படத்துக்கான சந்தை என்று ஒவ்வொன்றாக இடித்ததால் விலகிக்கொண்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். அந்தச் சந்தைக் கணக்கை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. தமிழ்ப் படம் தமிழ்நாட்டையும் கொஞ்சம் வெளிநாட்டையும் மட்டும் நம்பிப் பிழைத்த காலம் அது. இவ்வளவு பெரிய கற்பனைக்குப் பணம் போட்டால், திரும்ப எடுக்க வழி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. ஷங்கர் கதையை மூடி வைத்துவிட்டு, புதுமுகங்களை வைத்து ‘பாய்ஸ்’ எடுக்கப் போனார். பிறகு ‘அந்நியன்’. பிறகு ‘சிவாஜி’. ஒவ்வொரு படத்திலும் வரைகலை வேலை ஒரு படி ஏறியது, செலவு ஒரு படி ஏறியது, தமிழ்ப் படத்துக்கு ஆந்திராவிலும் வடக்கிலும் மலேசியாவிலும் அமெரிக்காவிலும் கதவுகள் திறந்துகொண்டே வந்தன. மூடி வைத்த கதை தானாக முதிர்ந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். 2007ல் அதை மறுபடி வெளியே எடுத்தபோது ஷங்கர் சென்னையில் யாரையும் தேடவில்லை. மும்பைக்குப் போனார்.

ஷாருக் கான். இந்தி சினிமாவின் உச்சத்தில் இருந்தவர். சொந்த நிறுவனமான ரெட் சில்லீஸ் மூலம் அவரே தயாரிப்பதாகப் பேச்சு. பணக் கவலை இல்லை, சந்தைக் கவலை இல்லை. நாடு முழுக்கச் செய்தி பரவியது. அந்த ஆண்டு அக்டோபரில் அடுத்த செய்தி வந்தது. கதையிலும் படைப்பிலும் இருவருக்கும் ஒத்துவரவில்லை, படம் கைவிடப்பட்டது. இரண்டாவது முறையாக இரும்பு மனிதன் அநாதையானான். இரண்டு மாபெரும் நடிகர்கள் வேண்டாமென்று விட்ட வேடத்தை மூன்றாவதாக ஒருவர் தொடுவாரா என்பதே சந்தேகமாக இருந்தது.

தொட்டவருக்கு அப்போது 57 வயது. ‘சிவாஜி’ ஓடி முடித்த மிதப்பில், ஊருக்கு ஊர் மலையிலும் சமவெளியிலும் தன் முகத்துக்காகவே கூட்டம் கூடும் நட்சத்திரம். அந்த முகத்தையும் நடையையும்தான் மக்கள் பார்க்க வருகிறார்கள். ஒரு ரோபோவுக்கோ முகபாவம் கூடாது, சொந்த நடை கூடாது. தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவேண்டிய வேடம் அது. 2008 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. ரஜினிகாந்த் ஒப்புக்கொண்டார். ‘ஜீன்ஸ்’ படத்துக்குப் பிறகு ஐஸ்வர்யா ராய் மீண்டும் ஷங்கர் படத்துக்கு வந்தார். இரண்டு தயாரிப்பாளர்கள் கைகோத்தார்கள்: ஈராஸ் இன்டர்நேஷனல், கடல் கடந்த தமிழர்களுக்குத் தமிழ்ப் படங்களைக் கொண்டுசேர்த்து வளர்ந்த லண்டன் ஐங்கரன் நிறுவனம். எல்லாம் கூடிவந்தது. அடுத்த மாதமே இடி விழுந்தது.

2008 பிப்ரவரி 27 அன்று சுஜாதா காலமானார். சுமார் எட்டு ஆண்டுகளாக இந்தக் கனவைக் கூடவே சுமந்தவர் அதன் ஒரு காட்சியைக்கூடத் திரையில் பார்க்கவில்லை. அவர் எழுதி வைத்த வசனங்கள் இருந்தன. ஆனால் இப்படிப்பட்ட படத்தில் படப்பிடிப்பு முடியும்வரை வசனம் மாறிக்கொண்டே இருக்கும். ‘நியூரல் ஸ்கீமா’ போன்ற அறிவியல் சொல்லை ஒரு பாத்திரம் பேசினால் அது தப்பில்லாமலும் இருக்கவேண்டும், கடைக்கோடி ரசிகருக்குப் புரியவும் வேண்டும். சுஜாதாவுக்கு அது கைவந்த கலை. அவர் விட்ட இடத்தில் வந்து அமர்ந்தவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்று, சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய இளைஞர். பாடலாசிரியர் வைரமுத்துவின் மகன் மதன் கார்க்கி. வசனத்தில் கைகொடுத்ததோடு பாட்டும் எழுதினார். எழுத்துக்கு வாரிசு கிடைத்துவிட்டது. இரும்பு உடம்பைச் செய்யப்போகும் கைகளுக்கோ வேறொரு சோகம் காத்திருந்தது.

கலிபோர்னியாவில் இருந்த ஸ்டான் வின்ஸ்டன் ஸ்டூடியோ உலகப் புகழ்பெற்ற கூடம். ‘டெர்மினேட்டர்’ படத்தின் எலும்புக்கூட்டு ரோபோவும், ‘ஜுராசிக் பார்க்’ படத்தில் உறுமிய டைனோசரும், ‘அயர்ன் மேன்’ கவசமும் அங்கே செய்யப்பட்டவை. தமிழ் ரோபோவுக்கும் அங்கிருந்துதான் உடம்பு வரவேண்டும் என்று ஷங்கர் குழுவினர் நினைத்தார்கள். 2008 ஜூன் 15 அன்று ஸ்டான் வின்ஸ்டன் இறந்துபோனார். அவரிடம் பல்லாண்டுகள் வேலை பார்த்தவர்கள் கடையைக் கலைக்கவில்லை. ‘லெகசி எஃபெக்ட்ஸ்’ என்று புதுப் பெயர் வைத்துத் தொழிலைத் தொடர்ந்தார்கள். ரஜினியின் முக அச்சில், பொம்மலாட்டக் கலைஞர்கள் சிலர் சேர்ந்து இயக்கும் ரோபோ உருவம் அவர்கள் கையில் உருவானது. கவச வேலையில் இவர்களுக்கு இருந்த பேரை ஹாலிவுட்டும் மறக்கவில்லை. 2014ல் ‘ரோபோகாப்’ படத்தை மறுபடி எடுத்தபோது மர்ஃபியின் புதுக் கவசத்தைச் செய்யும் பொறுப்பு இதே கூடத்துக்குத்தான் போனது. ஆக, நம்முடைய ரோபோவும் அந்தப் புதிய அமெரிக்கப் போலீஸ்காரனும் ஒரே பட்டறையின் பிள்ளைகள், நம்முடையவன் நான்கு வயது மூத்தவன். ஆனால் அந்த மூத்தவன் பிறப்பதற்குள் உலகமே ஒருமுறை தடுமாறியது.

2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அந்த அதிர்ச்சி சென்னை சினிமாவின் மிகப் பெரிய படத்தையும் வந்து தொட்டது. பெருவின் மச்சு பிச்சு மலையில் பாட்டு எடுக்கும் அளவுக்குத் திட்டமிட்ட படம். சண்டைக்கு ‘மேட்ரிக்ஸ்’ புகழ் யுவென் வூ பிங், உடைக்கு ‘மென் இன் பிளாக்’ படத்தின் மேரி வோட் என்று உலகெங்கும் ஆள் பேசியாகிவிட்டது. இந்த நேரத்தில் தயாரிப்பாளர்கள் இருவருக்கும் பணம் புரட்டுவது கடினமானது. மூன்றாவது முறையாக இரும்பு மனிதன் கேட்பாரற்று நின்றான். இந்த முறை கதாநாயகன் இருந்தார், செட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன, பாதியில் விட்டால் யாராலும் எழுந்திருக்க முடியாது.

டிசம்பரில் கலாநிதி மாறனின் சன் பிக்சர்ஸ் படத்தை எடுத்துக்கொண்டது. அதுவரை மற்றவர்கள் எடுத்த படங்களை வாங்கி வெளியிட்டுக்கொண்டிருந்த நிறுவனம், தயாரிப்பில் வைத்த முதல் அடியே இந்தியாவில் அதுவரை எவரும் போடாத தொகையில் விழுந்தது. செலவு 100 கோடியைத் தாண்டியது. அடுத்த இரண்டு ஆண்டுகள் சாபு சிரிலின் அரங்குகளிலும் ஸ்ரீநிவாஸ் மோகன் நடத்திய வரைகலைக் கணினிகளிலும் கழிந்தன. உச்சக்கட்டக் காட்சியில் நூற்றுக்கணக்கான ரோபோக்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும், பாம்பாகும், பூதாகாரமான ஒற்றை மனிதனாக எழும். படப்பிடிப்புக்குப் போகும் முன்பே முழுக்காட்சியையும் அனிமேஷனில் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு ஷாட்டையும் தீர்மானித்தார்கள். 2001ல் கமலை வைத்து எடுத்திருந்தால் இந்தக் காட்சி இந்த வடிவில் சாத்தியமில்லை. கணினிகளுக்கு அந்த வலு இல்லை, செய்து காட்டும் கைகள் சென்னையில் இத்தனை இல்லை, செலவு செய்யும் துணிவும் இல்லை. ஒவ்வொரு முறை கைவிடப்பட்டபோதும் இந்தப் படம் கொஞ்சம் பெரிதானது.

ரஜினியின் பங்கைத் தனியாகச் சொல்லியே ஆகவேண்டும். அறுபதை நெருங்கும் வயதில், பல அடுக்கு ஒப்பனைக்குள்ளும் கனமான உடைக்குள்ளும் நின்று அவர் செய்தது மூன்று வேடம். படைத்த விஞ்ஞானி ஒருவர், வெள்ளை மனதோடு பிறந்த ரோபோ ஒன்று, சிவப்புச் சில்லு பொருத்தி வில்லனாக்கப்பட்ட அதே ரோபோ. முகத்தை அசைக்காமல் ஏக்கத்தைக் காட்டவேண்டிய இடங்களில் அவர் கண்களை மட்டும் நம்பினார். ‘சொன்னதைச் செய்கிறேன்’ என்று நிற்கும் அப்பாவி ஒருவன், காதல் என்றால் என்னவென்று தெரிந்ததும் தவித்துப்போவதை அந்தக் கண்களில் பார்க்க முடிந்தது. எத்தனை கோடி கொட்டிய வரைகலைக்கு நடுவிலும் படத்தைத் தாங்கி நின்றது அதுதான்.

2010 ஜூலை 31 அன்று மலேசியாவில் ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்கள் வெளியாயின. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி விலக்கு என்ற அரசு சலுகை நடப்பில் இருந்த காலம். ஆண்டுக்கணக்கில் ‘ரோபோட்’ என்று அலைந்தவன் தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டான். 2010 அக்டோபர் 1. ‘எந்திரன்’ வெளியானது. படத்தின் ரோபோவான சிட்டி பிறந்தான்.

சென்னையில் மட்டுமல்ல, அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த சங்கராபுரம், கள்ளக்குறிச்சிப் பக்கமும் அந்த இரும்பு முகம் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காயும் தேனும் இறங்கிவரும் ஊர்களில், பிள்ளைகள் தலையைச் சட்டென்று வெட்டித் திருப்பிச் சிட்டி மாதிரி பேசிப் பார்த்தார்கள். ரோபோ என்றால் என்ன என்று யாரும் யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை.

வெற்றி வந்தால் உரிமைக் கேள்வியும் வரும். இந்தக் கதை 1996ல் ‘இனிய உதயம்’ இதழில் வெளிவந்த தம் ‘ஜூகிபா’ கதைதான் என்று எழுத்தாளர் ஆரூர் தமிழ்நாடன் வழக்குத் தொடுத்தார். ஷங்கர் மறுத்தார். அந்த வழக்கு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றங்களில் நடந்தது. இன்னொரு பக்கம் பாராட்டும் வந்து சேர்ந்தது. 58ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தயாரிப்பு வடிவமைப்புக்காகச் சாபு சிரிலும், சிறந்த ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்காக ஸ்ரீநிவாஸ் மோகனும் விருது பெற்றார்கள்.

இதற்கிடையே, 2007ல் விலகிப்போன ஷாருக் கான் தமக்கென்று ஓர் இயந்திர நாயகனை உருவாக்கியிருந்தார். படம் ‘ரா.ஒன்’. 2011 அக்டோபர் 26 அன்று, தீபாவளி வெளியீடு. தமிழிலும் மொழிமாற்றி வந்தது. சிறு காட்சி ஒன்றுக்கு விருந்தினராக ஒருவரை அழைத்திருந்தார்கள். அரங்குகளில் அந்தக் காட்சி வந்ததும் விசில் கூரையைப் பிய்த்தது. ஷாருக் கானின் சொந்தப் படத்துக்குள், அவர் ஒரு காலத்தில் வேண்டாமென்று விட்ட சிட்டியாகவே வந்து நின்றார் ரஜினிகாந்த்.